ஐந்து கோடைகள் கண்ட மலர்

பேரரசுகளின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் எழுதுவோர் பலர். ஒரு செடியின் வரலாற்றை எழுத முனைவோர் மிகச் சிலரே. அதிலும் ஒரு நகரத்தின் ஓரத்தில், சில அடி சதுப்பு நிலத்தில், ஒரு மாணவியின் கண்ணுக்குப் புலப்பட்டு, ஐந்து கோடைகள் மட்டும் காணப்பட்டுப் பின்னர் மறைந்துபோன ஒரு செடிக்கு என்ன வரலாறு இருந்துவிட முடியும் என்று வாசகர் கேட்கக் கூடும். அச்செடியின் பெயர் திஸ்மியா அமெரிக்கானா. அது வாழ்ந்த இடம் அமெரிக்க நாட்டின் சிக்காகோ நகரம். அது இன்னதென்று அறியவும், அதன் சுற்றத்தார் யாவர் என்று தெளியவும் மனிதர் எடுத்துக்கொண்ட முயற்சி நூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து வருகிறது. அம்முயற்சியின் கதையே இக்கட்டுரை.

புல்லின் பெருங்கடல்

முதலில் அச்செடி வாழ்ந்த நிலத்தைக் காண்போம். வட அமெரிக்காவின் நடுப்பகுதியில் மரங்கள் அருகி, புல்லே அரசாண்ட பரந்த சமவெளிக்குப் பிரெய்ரி என்பது பெயர். இது பிரெஞ்சுச் சொல். புல்தரை என்பதே இதன் பொருள். அந்நிலத்துக்கு முதலில் வந்து சேர்ந்த பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் மொழியில் அதற்கு ஈடான சொல் வேறு கிடைக்காமையால் இதனையே சூட்டினர். 1673-ஆம் ஆண்டு இயேசு சபைக் குருவான ஜாக் மார்க்கெத் அடிகளாரும், லூயி ஜோலியே என்பவரும் மிசிசிப்பி ஆற்றில் படகேறிச் சென்று, திரும்பும் வழியில் இல்லினாய் ஆற்றின் ஊடாக இன்றைய சிக்காகோ அமைந்துள்ள இடத்தைக் கடந்தனர். அந்நிலத்தின் வளத்தையும், புல்வெளிகளையும், அங்கு மேய்ந்த காட்டெருதுகளையும் மான்களையும் அடிகளார் வியந்து குறித்து வைத்தார். அங்கு வாழ்ந்த பழங்குடி மக்களுக்கோ அது வியப்புக்குரிய காட்சியன்று. தலைமுறை தலைமுறையாக அவர்களது இல்லம்.

ஆள் உயரத்துக்கும் மேலாக வளரும் புல். அதன் இடையிடையே பருவத்துக்கொரு நிறமாகப் பூக்கும் செடிகள். மண்ணுக்குள் பல அடி ஆழம் இறங்கிய வேர்கள். இதுவே பிரெய்ரியின் இயல்பு. அந்த வேர்ப்பின்னல் உருவாக்கிய கரிய மண் உலகின் மிக வளமான மண்களுள் ஒன்று. அவ்வளமே அதற்குக் கேடாகவும் முடிந்தது. அம்மண் ஒட்டும் தன்மையுடையது. பழைய இரும்பு ஏர்கள் அதில் ஓடவில்லை. 1837-இல் ஜான் டியர் என்னும் கொல்லர் இல்லினாயில் எஃகு முகம் கொண்ட ஏரைச் செய்தார். மண் ஒட்டாமல் வழுக்கி விழுந்தது; புல்வெளி வயலாயிற்று. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே, 1833-ஆம் ஆண்டின் சிக்காகோ உடன்படிக்கையால் பொட்டாவாட்டமி மக்கள் அந்நிலத்தை விட்டு மேற்கே பெயர நேர்ந்திருந்தது. இல்லினாய் மாநிலத்தில் மட்டும் ஏறத்தாழ இரண்டு கோடியே இருபது இலட்சம் ஏக்கர் பிரெய்ரி இருந்ததாகக் கணக்கிடுவர். பழைய இயல்பு கெடாமல் இன்று எஞ்சியிருப்பது இரண்டாயிரத்துச் சொச்சம் ஏக்கர். பழைய கல்லறைத் தோட்டங்களின் மூலைகளிலும், இருப்புப்பாதை ஓரங்களிலும், ஏர் புகாத சதுப்புகளிலுமே அது ஒதுங்கி நிற்கிறது. ஆயினும் அம்மாநிலத்துக்குப் பிரெய்ரி மாநிலம் என்னும் அடைமொழி மட்டும் வழங்கி வருகிறது. நிலம் போய்விட்டது, பெயர் நிற்கிறது.

1912 ஆகஸ்டு

சிக்காகோவின் தென்கிழக்கில் கலுமெத் என்றோர் ஏரி உண்டு. அதனைச் சுற்றிலும் ஈரப் புல்வெளிகள் விரிந்து கிடந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆலைகளும் இருப்புப்பாதைகளும் அப்பகுதியை நெருக்கத் தொடங்கின. ஏரியின் மேற்கே 1880-களில் புல்மன் என்னும் தொழில் நகரம் எழுந்தது. எனினும் ஏரியின் கிழக்கே, 119-ஆம் தெருவும் டாரன்ஸ் சாலையும் கூடும் இடத்துக்கு அருகில், ஆலைகளுக்கு நடுவே ஒரு துண்டுப் புல்வெளி ஏர் படாமல் எஞ்சியிருந்தது.

1912 ஆகஸ்டு மாதத்தில் அங்கு நார்மா எத்தா ஃபைஃபர் என்னும் இளம்பெண் வந்தார். 1889-இல் பிறந்த அவர், அப்போது சிக்காகோ பல்கலைக்கழகத்தில் தாவரவியலில் முனைவர் பட்டத்துக்காகப் பயின்றுகொண்டிருந்தார். நிமிர்ந்து நிற்போர் கண்ணுக்கு அப்புல்வெளியில் மஞ்சள் நிறப் பூக்களும், கருவிழி போன்ற நடுவட்டம் உடைய ருட்பெக்கியாப் பூக்களும், ஐரிசுச் செடிகளும் தென்பட்டிருக்கும். நம் வீடுகளில் பிள்ளை மருந்தாகப் பயன்படும் வசம்பின் இனத்துச் செடியும் அங்கு வளர்ந்திருந்தது. இவற்றின் அடியில், எப்போதும் ஈரம் காயாத தரையில், பாசிகளும் ஈரல் வடிவச் சிறு செடிகளும் படர்ந்திருந்தன. அத்தரையோடு தரையாகக் குனிந்து பார்த்தபோது, மண்ணைச் சிறிதே விலக்கிக்கொண்டு வெளியே வந்திருந்த ஒரு வெண்ணிறப் பொருள் அவர் கண்ணில் பட்டது. அது விரல் நகத்தின் அளவே இருந்தது. நுனியில் மெல்லிய நீலப்பச்சைச் சாயல் படிந்திருந்தது. அது பூ. அதற்கு இலை இல்லை. பச்சை நிறம் எங்குமே இல்லை. செடியின் மற்றப் பகுதி மண்ணுக்குள் ஒளிந்திருந்தது.

சிறியதைக் கண்டவர் பலர் இருக்கக் கூடும். காளான் என்றெண்ணிக் கடந்தும் போயிருக்கலாம். ஃபைஃபர் கடந்து போகவில்லை. எடுத்துச் சென்றார்; ஆராய்ந்தார்.

இது யார்?

அறியாத ஒருவரைச் சந்திக்கும்போது ஊரையும் உறவையும் விசாரிப்பது நம் வழக்கம். தாவரவியலாரின் வழக்கமும் அதுவே. ஒரு செடியை அடையாளம் காண்பதென்பது அதன் உறவினரைக் காண்பதே ஆகும். ஃபைஃபரின் ஆய்வு படிப்படியாக நடந்தது.

பச்சையம் இல்லாத செடி வெயிலைக் கொண்டு தன் உணவைச் சமைத்துக்கொள்ள இயலாது. எனவே உணவுக்கு அது மற்றொன்றைச் சார்ந்திருக்க வேண்டும். வேர்களை மெல்லிய சீவல்களாக அறுத்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தபோது, வேரின் உயிரணுக்களுக்குள் பூஞ்சை இழைகள் குடியிருப்பது தெரிந்தது. மண்ணில் உள்ள பூஞ்சையின் வழியாகவே இத்தகைய செடி உணவைப் பெறுகிறது என்று இன்றைய அறிவியல் விளக்குகிறது.

அடுத்துப் பூவின் அமைப்பு. இதழ்கள் மூன்றும் மூன்றுமாக ஆறு. மகரந்தத் தாள்கள் ஆறு. மூன்றின் மடங்காக அமைவது ஒருவித்திலைத் தாவரங்களின் குறி. இதழ்கள் கூடிக் குழலாகி, சூலகம் அக்குழலின் கீழே அமைந்திருந்தது. மகரந்தத் தாள்கள் மேல்நோக்கி நிற்காமல், குழலின் வாயில் உள்ள வளையத்திலிருந்து உள்ளே தலைகீழாகத் தொங்கின. ஒரு சிறிய விளக்குக் கூண்டுக்குள் திரைகள் தொங்குவது போன்ற அமைப்பு இது. இக்குறிகள் அனைத்தும் ஒருங்கே பொருந்தும் பேரினம் ஒன்றுதான். அதுவே திஸ்மியா.

இப்பெயருக்கும் ஒரு கதை உண்டு. 1840-களில், கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவரும் தாவரவியலாருமான வில்லியம் கிரிஃபித், பர்மாவின் தெனாசரிம் பகுதியில் கிடைத்த செடியைக் கொண்டு இப்பேரினத்தை உலகுக்கு அறிவித்தார். தாமஸ் ஸ்மித் என்னும் நுண்ணோக்கி அறிஞரைப் பெருமைப்படுத்த விரும்பி, ஸ்மித் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளை இடம் மாற்றித் திஸ்மியா என்ற பெயரை ஆக்கினார். பின்னர் இப்பேரினத்தைச் சேர்ந்த சிற்றினங்கள் மலேயாவிலும் போர்னியோவிலும் கண்டறியப்பட்டன. இலங்கையின் மழைக்காட்டில் கிடைத்த ஒன்றுக்கு, பேராதனைத் தாவரவியல் பூங்காவின் தலைவராய் இருந்த ஜார்ஜ் கார்ட்னரின் பெயர் சூட்டப்பட்டது. கேரளத்தின் மேற்குத் தொடர்ச்சி மலைக் காட்டிலிருந்து 2017-இல் ஒரு புதிய சிற்றினம் விவரிக்கப்பட்டு, சஹ்யாத்திரி மலையின் பெயரைப் பெற்றது. இன்றைய இந்திய எல்லைக்குள் இப்பேரினம் அறியப்பட்டது அதுவே முதன்முறை. இன்னும் தொலைவான உறவையும் சொல்லலாம். இன்றைய வகைப்பாட்டில் திஸ்மியா அடங்கும் பெருவரிசையிலேயே நம் கவலைக்கிழங்கும் பெருவள்ளியும் அடங்குகின்றன. நம் சந்தையில் விற்கும் கிழங்குக்கும் சிக்காகோ மண்ணில் ஒளிந்திருந்த மலருக்கும் முன்னோர் ஒருவரே.

ஃபைஃபர் தம் ஆய்வுக்காக 1913-இல் முனைவர் பட்டம் பெற்றார். செடியின் உருவமைப்பை விரிவாக விளக்கும் கட்டுரையை 1914-இல் வெளியிட்டு, அதற்குத் திஸ்மியா அமெரிக்கானா என்று பெயரிட்டார்.

எங்கிருந்து வந்தது?

பேரினம் தெளிவானதும் புதிர் பெரிதாயிற்று. திஸ்மியாக்கள் பெரும்பாலும் வெப்ப மண்டல மழைக்காட்டின் இருளில், மட்கிய இலைகளுக்கு அடியில் வாழ்பவை. சிக்காகோவோ குளிர்காலத்தில் உறைபனி மூடும் ஊர்; அப்புல்வெளியோ மரமில்லாத திறந்தவெளி. தென் அமெரிக்காவின் வெப்பக் காடுகளிலும் இக்குடும்பத்துச் செடிகள் உள்ளன. ஒரே கண்டத் தொகுதியைச் சேர்ந்தவையாதலால் அவையே நெருங்கிய உறவினராய் இருக்கும் என்று நாம் எதிர்பார்ப்போம். உருவமோ வேறொன்றைச் சொல்லிற்று.

சிக்காகோ மலரின் உள்ளிதழ்கள் மூன்றும் வளைந்து மேலே கூடி, நுனியில் ஒன்றோடொன்று இணைந்து ஒரு கவிகை போல் நின்றன. இவ்வமைப்பை ஆயர்கள் அணியும் கூம்புத் தலைமுடியின் பெயராலேயே தாவரவியலார் குறிப்பிடுவர். இதே கவிகை உடைய ஒரு சிற்றினம் ஏற்கெனவே அறியப்பட்டிருந்தது. அது ஆஸ்திரேலியாவின் தெற்கே உள்ள தாஸ்மேனியாத் தீவில் கிடைத்தது. பல் மருத்துவராய் இருந்துகொண்டே தாவரங்களை ஆராய்ந்த லெனார்டு ராட்வே என்பவரின் நினைவாக அது 1890-இல் திஸ்மியா ராட்வேயி எனப் பெயர் பெற்றது. நெதர்லாந்து அறிஞர் யோங்கர் 1938-இல் இக்குடும்பம் முழுவதையும் ஆராய்ந்து எழுதிய நூலில் இவ்விரண்டையும் ஒரே பிரிவில் சேர்த்தார். சிக்காகோ செடிக்குத் தாஸ்மேனியாவில் உறவு! இடையே ஒரு பெருங்கடல், இடையே நிலநடுக்கோடு. தூசி போன்ற அதன் விதைகள் அவ்வளவு தொலைவு எப்படிக் கடந்திருக்கும்? மனிதர் எவரேனும் அறியாமல் கொண்டுவந்து விட்டனரோ என்றுகூடச் சிலர் ஐயுற்றனர். கலுமெத் சமவெளியின் வயதும் குழப்பத்தைக் கூட்டிற்று. அந்நிலம் ஒருகாலத்தில் பனிப்பாறையாலும், பின்னர்ப் பனியுருகிய பேரேரியாலும் மூடப்பட்டிருந்தது. அது தரையாகிச் சில ஆயிரம் ஆண்டுகளே ஆகின்றன. ஆகவே செடி வேறெங்கோ வாழ்ந்து பின்னரே அங்கு வந்திருக்க வேண்டும்.

புதிருக்கு ஒளி தந்தது கிழக்கு ஆசியா. 1859-இலேயே ஹார்வர்டு பேராசிரியர் ஏசா கிரே, ஜப்பானியச் செடிகள் பல வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிச் செடிகளுக்கு வியக்கத்தக்க அளவில் உறவுடையன என்று எழுதினார். வெப்பம் மிகுந்த பழங்காலத்தில் ஆசியாவையும் அமெரிக்காவையும் வடக்கே இணைத்த நிலத்தின் வழியே அவை பரவின என்பது இன்று பொதுவாக ஏற்கப்படும் விளக்கம். திஸ்மியாவும் அவ்வழி வந்ததோ என்று வினவ, ஜப்பானில் அதற்கேற்ற உறவினர் வேண்டுமே! அத்தகைய ஒன்று 1992-இல் கோபே நகரருகே கிடைத்தது. ஒரே ஒரு செடி. 1999-இல் தொழிற்பேட்டை அமைப்பதற்காக அவ்விடம் அழிக்கப்பட்டது. சேமித்து வைத்திருந்த மாதிரியைக் கொண்டு 2018-இல் அதற்குத் திஸ்மியா கோபென்சிஸ் என்று பெயரிட்டபோதே, அநேகமாக அழிந்துவிட்ட சிற்றினம் என்ற குறிப்போடுதான் அறிவித்தனர். பெயர் சூட்டும் நாளே இரங்கல் நாளும் ஆயிற்று.

ஆனால் 2021-இல் எதிர்பாராத செய்தி வந்தது. கோபேயிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில், சாந்தா நகரத்து மரத்தோப்பு ஒன்றில் அச்செடி உயிரோடு காணப்பட்டது. ஏறத்தாழ இருபது செடிகள். முழுமையான மலர்களை ஒப்பிட்டுப் பார்த்த ஜப்பானிய ஆய்வாளர்கள், சிக்காகோ செடிக்கு மிக நெருங்கிய உறவினர் இதுவே ஆகலாம் என்று 2023-இல் கருத்துத் தெரிவித்தனர். தெற்கே தாஸ்மேனியாவை நோக்கி நீண்டிருந்த சுட்டுவிரல், நூறாண்டுகளுக்குப் பின் மேற்கே ஜப்பானை நோக்கித் திரும்பிற்று.

வெறுமையான இடம்

உறவினர் கிடைத்தார், உரியவர் எங்கே? 1912 முதல் 1916 வரை ஃபைஃபர் அச்செடியை அப்புல்வெளியில் கண்டார். ஐந்து கோடைகள். அதன் பின்னர் எவரும் அதனைக் கண்டதாகச் சான்றில்லை. அவ்விடம் தொழிற்சாலைகளுக்கும் கட்டடங்களுக்கும் இரையாயிற்று. உலகில் வேறெந்த இடத்திலும் அச்செடி அறியப்படவில்லை. அருங்காட்சியகங்களில் பாதுகாக்கப்படும் சில மாதிரிகளே இன்று நம்மிடம் உள்ளன.

ஃபைஃபர் பின்னர் வடக்கு டகோட்டாப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். நியூயார்க் மாநிலத்து ஆய்வு நிலையம் ஒன்றில் லில்லி மலர்களைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்தார். நூறாண்டை நெருங்கும் நிறைவாழ்வு வாழ்ந்து 1989-இல் மறைந்தார். தாம் இருபத்து மூன்று வயதில் கண்ட மலர் மறைந்து எழுபது ஆண்டுகளுக்கு மேல் அவர் வாழ்ந்திருந்தார் என்பதை எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது. அவர் மறைந்து இரண்டு ஆண்டுகள் கழித்து, 1991 ஆகஸ்டில், தாவரவியலாரும் தன்னார்வலரும் கூடி கலுமெத் பகுதியின் எஞ்சிய ஈரநிலங்களில் அச்செடியைத் தேடினர். குனிந்தும், மண்டியிட்டும், புல்லை விலக்கியும் பார்த்தனர். அதன் பின்னரும் தேடல் ஓயவில்லை. இன்றுவரை கிடைக்கவில்லை.

இனிக் கிடைக்காது என்று அறுதியிட்டுச் சொல்ல முடியுமா? இக்குடும்பத்தின் வரலாறே அவசரத் தீர்ப்பைத் தடுக்கிறது. இத்தாலியரான பெக்காரி 1866-இல் சரவாக்கில் கண்டு வரைந்துவைத்த திஸ்மியா நெப்டியூனிஸ் என்னும் செடி, 151 ஆண்டுகள் எவர் கண்ணிலும் படாமல் இருந்து, 2017-இல் அதே பகுதிக் காட்டில் மீண்டும் பூத்து நின்றது. மண்ணுக்கு மேல் ஆண்டில் சில வாரங்களே தலைகாட்டும் செடியைக் காணவில்லை என்பதற்கும் அது இல்லை என்பதற்கும் இடையே தொலைவு உண்டு. ஆயினும் சரவாக்கிலும் சாந்தாவிலும் தேடுவதற்குக் காடு இருந்தது. சிக்காகோவில் தேடுவதற்கு நிலம் மிகக் குறைவு. நம்பிக்கைக்கும் நிற்பதற்கு ஓர் இடம் வேண்டும்.

எண்ணிப் பார்க்க

ஏரின் உழைப்பை நாம் பழிக்கவில்லை. பசித்தோர்க்கு உணவளித்த வயல்கள் அவை. ஆலைத் தொழிலாளரின் வியர்வையையும் குறைத்து மதிப்பிடவில்லை. வருந்த வேண்டியது வேறொன்று. அந்த இடத்தை மண் கொட்டி மூடியவர்களுக்குத் தாங்கள் மூடுவது இன்னதென்று தெரிந்திருக்க வழியில்லை. அது வெறும் சதுப்பு, பயனற்ற புறம்போக்கு. அத்தரையில் ஜப்பானுக்கும் தாஸ்மேனியாவுக்கும் இலங்கைக்கும் உறவு சொல்லும் ஓர் உயிர் இருந்தது என்பது அவர்கள் அறியாத செய்தி. அறிந்தவர்களோ உறவைத் தெளிந்து சொல்லும் முன்னர் நிலத்தை இழந்துவிட்டனர். ஓர் உயிரின் மதிப்பு நமக்குத் தெரியவரும் நாளும், அது நம்மிடம் இருக்கும் நாளும் எப்போதும் ஒன்றாய் அமைவதில்லை. ஆகவே மதிப்புத் தெரியாத நிலையிலும் சிலவற்றை விட்டுவைக்கும் பணிவு நமக்கு வேண்டும்.

மற்றொன்றும் நினைவுகூரத் தக்கது. ஒரு மாணவி ஈரத் தரையில் குனிந்து பார்க்காமல் இருந்திருந்தால், அச்செடி இருந்தது என்பதே உலகுக்குத் தெரியாது. அதன் அழிவுக்காக வருந்தவும் எவரும் இருந்திருக்க மாட்டார். ஃபைஃபரால் அதனைக் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் அதற்கு ஒரு பெயர் கொடுத்தார். அதன் உருவைக் கண்டபடியே எழுதிவைத்தார். சில மாதிரிகளைச் சேமித்து வைத்தார். அந்த எழுத்தைக் கொண்டே நூறாண்டுக்குப் பின் ஒரு ஜப்பானிய மலர் தன் உடன்பிறப்பை அடையாளம் கண்டுகொண்டது. உண்மையாகச் செய்த சிறு பணி, செய்தவர் மறைந்த பின்னும் பயன் தருகிறது.

ஒவ்வோர் ஆகஸ்டிலும் கலுமெத் ஏரியை அடுத்து எஞ்சிய ஈரநிலங்களில் மஞ்சள் மலர்கள் பூக்கின்றன. அவற்றின் கீழே தரை ஈரமாகவே இருக்கிறது. குனிந்து பார்க்க ஒருவர் வேண்டும்.